எட்டு பீரியட் பூட்டு

ராப் பாட்டும் இலக்கியம்தான் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மேலிடத்தில் முடிவாயிற்று. பன்னிரண்டரைக்குள் சுற்றறிக்கை எல்லா உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. கூரை ஒழுகுகிறது என்று எழுதிப் போட்டால் பதில் வர மூன்று வருஷம் ஆகிற இடத்தில், இலக்கியத்துக்கு மட்டும் கால் முளைத்திருந்தது.

ஆங்கில வகுப்பில் வாரத்துக்கு இரண்டு பீரியட் ஹிப்-ஹாப் பாடல் வரிகளை இலக்கியமாக நடத்த வேண்டும், மாணவர்கள் தங்கள் வாழ்க்கையின் உண்மைகளைத் தயங்காமல் பாட்டாக வெளிப்படுத்த ஊக்கப்படுத்த வேண்டும், அப்படி வெளிப்படுத்திய உண்மைகளை மூன்றாம் இணைப்பில் உள்ள படிவத்தில் இரண்டு நகல் எடுத்து மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். இதுதான் சுற்றறிக்கையின் சாரம்.

பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த பெரிய டீச்சர் அதை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது கத்துகிற சமாசாரம், கத்துவதற்கு வயசு வேண்டும் என்று சொல்லி, காகிதத்தைப் பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் ஒப்பந்த டீச்சர். வயசு இருபத்தைந்து. லாரியில் மூட்டை ஏற்றுகிறவருடைய மகள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வருஷா வருஷம் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு அடுத்த வருஷம் உண்டு. அதனால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் பிடிக்காத வேலை எதுவானாலும் அது தானாகவே உருண்டு வந்து அவள் மேஜையில் நிற்கும்.

பயிற்சி இரண்டு நாள். நூற்று நாற்பது ஆசிரியர்கள். வாசலில் ஆளுக்கு ஒரு தொப்பி வைத்த பனியன் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு. அவளுடையது முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஓய்வுபெற்ற இலக்கணப் பேராசிரியர் ஒருவர் மேடையேறி, மர ஸ்கேலால் மேஜையில் தாளம் தட்டிக்கொண்டே ராப்புக்கு இலக்கணம் சொன்னார். கையை எந்தக் கோணத்தில் ஆட்டுவது என்பதற்குக் கையேட்டில் ஏழு படங்கள் இருந்தன. நாலாவது படத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள் என்பது சாப்பாட்டு வேளையில்தான் தெரிந்தது. அதற்குள் நூற்று நாற்பது பேரும் அதைத் தலைகீழாகவே கற்றுத் தேர்ந்திருந்தார்கள்.

பேராசிரியர் சொன்னதில் ஒன்றை மட்டும் அவள் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள். "கோபம் மூணாவது வரியில ஆரம்பிக்கணும். எட்டாவது வரியில தணியணும். தணிஞ்சா அது இலக்கியம். தணியலன்னா அது புகார். புகாருக்கு வேற செக்‌ஷன் இருக்கு, அது ரெண்டாவது மாடி."

இந்த இடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் கழிப்பறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய கழிப்பறைக்குக் கதவு இல்லை. குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் புதிதாக ஆறு அறை கட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், ஆறு கண்ணாடி, கைகழுவ நீளமான தொட்டி. கட்டி முடித்த வாரமே ஆய்வுக்குழு வந்தது. யாரும் இன்னும் உள்ளே போகாததால் அது சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததால் மிகத் தூய்மையான பள்ளிக் கழிப்பறை என்று கேடயம் கிடைத்தது. கேடயம் கிடைத்ததால் பூட்டிவிட்டார்கள். திறந்துவிட்டால் அழுக்காகும், அழுக்கானால் அடுத்த ஆய்வில் கேடயம் போய்விடும். இதில் தலைமையாசிரியரைக் குற்றம் சொல்ல முடியாது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் காலை எட்டரையிலிருந்து நாலேகால் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள். சாவி அவர் இடுப்பு வளையத்தில், பீரோ சாவிக்கும் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவில் தொங்கியது.

ஒப்பந்த டீச்சர் மூன்று மனு எழுதியிருந்தாள். முதல் மனுவுக்கு, கழிப்பறை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் வராது என்று வாய்மொழியாகப் பதில் கிடைத்தது. இரண்டாவது மனு மேலிடம் வரை போய், தேவைப்படுவோரின் எண்ணிக்கையை வயதுவாரியாக, வேளைவாரியாக அட்டவணைப்படுத்தி அனுப்பும்படி திரும்பி வந்தது. அனுப்பினாள். மூன்றாவது என்ன ஆனது என்று கேட்டபோது, அது கோப்பில் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்றார்கள்.

அவளுக்கு அப்படி என்ன அவசரம் என்றால், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பெண் இருந்தாள். என்ன கேட்டாலும் மூன்று வார்த்தைக்கு மேல் பதில் சொல்ல மாட்டாள் என்பதால் கணக்கு வாத்தியார் அவளுக்குத் தந்தி என்று பேர் வைத்திருந்தார். போன வருஷம் மூன்று தடவை, இந்த வருஷம் இரண்டு தடவை, நீர்த்தாரையில் கிருமி பிடித்துக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் அம்மா தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். அரை நாள் லீவு போட்டு டாக்டர் சீட்டோடு வந்து, ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"டாக்டரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கச் சொல்றாரு டீச்சர். குடிச்சா இவ இங்க உக்கார முடியாது. குடிக்கலன்னா ஆஸ்பத்திரியில படுக்கணும். எங்க கம்பெனியிலயாவது பாத்ரூம் போக ரெண்டு டோக்கன் குடுக்குறாங்க. நீங்க படிச்சவங்க, நான் என்ன பண்ணட்டும்னு நீங்களே சொல்லுங்க."

டீச்சரும் பத்து வருஷம் தண்ணீர் குடிக்காமல்தான் படித்தவள். அரைப் பரீட்சை வரைக்கும் பார்க்கிறேன், அதற்குள் வழி பிறக்காவிட்டால் பெண்ணை நிறுத்தி என்னோடு கம்பெனிக்குக் கூட்டிப் போய்விடுவேன் என்று அந்த அம்மா சொன்னாள். குரலை உயர்த்தாமல், பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். பத்து முடித்தால் எங்கள் வீட்டில் இவள்தான் முதல் ஆள் டீச்சர் என்று போகும்போது சேர்த்துக்கொண்டாள்.

டீச்சர் அன்றிலிருந்து தந்தியை ஆசிரியைகள் கழிப்பறைக்கு அழைத்துப் போனாள். எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள், ஆசிரியர் அல்லாதவர் ஆசிரியர் கழிப்பறையைப் பயன்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ வந்தது. பெரிய டீச்சர் மாடிப்படி வளைவில் தனியாகப் பிடித்து, நான் சொல்லவில்லை, ஆனால் யாராவது சொல்லத்தானே செய்வார்கள் என்றார்.

ராப் பீரியட் இப்படிப்பட்ட சமயத்தில்தான் ஆரம்பமாயிற்று. முதல் வாரம், கல்வித் துறைத் துணை இயக்குநர் தம் கைப்பட எழுதிய மாதிரிப் பாடலை நடத்தினாள். சாலை விதிகளைப் பற்றி நாற்பது வரி. பெண்கள் அதைப் பல் பிடுங்கக் காத்திருக்கிறவர்கள் மாதிரி கேட்டார்கள். இரண்டாவது வாரம் கையேட்டை மூடி வைத்துவிட்டு, உங்களுக்கு எதில் கோபம் வருகிறதோ அதைத் தெரிந்த இங்கிலீஷில் எட்டு வரி எழுதுங்கள், தப்பு பார்க்க மாட்டேன் என்றாள். நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தோரு பேர் சுற்றுச்சூழல் மாசைப் பற்றி எழுதினார்கள். எதற்குக் கோபப்பட்டால் மார்க் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தந்தி, தான் எழுதியதைப் பார்த்துப் படிக்கவில்லை. காம்பஸ் டப்பாவை மேஜையில் தட்டினாள். தட்டிக்கொண்டே, டீச்சர் முகத்தைப் பார்க்காமல், கரும்பலகைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்ன இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

எட்டு பீரியட், ஒரே பூட்டு.
பாட்டில்ல தண்ணி, வாயில பூட்டு.
குடிச்சா போகணும், போனா எங்க?
கேட்டா சொல்லுவாங்க, அடக்கிக்கங்க.
ஆறு ரூமு, அத்தனையும் டைலு.
ஆஸ்பத்திரியில எனக்கொரு ஃபைலு.
சாவி யாருகிட்ட? சாருகிட்ட.
நான் அதக் கேக்கணும் யாருகிட்ட?

மூன்றாவது வரியில் வகுப்பு மேஜையைத் தட்ட ஆரம்பித்தது. ஆறாவது வரியில் ஒருத்தி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். எட்டாவது வரி முடிந்தும் தட்டு நிற்கவில்லை. பேராசிரியர் கணக்குப்படி கோபம் தணிந்திருக்க வேண்டிய இடத்தில் தணியவே இல்லை. இங்கிலீஷ் வகுப்பு என்றால் இதுதான் என்று டீச்சருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம், குறுக்கு வழி ஒன்று கண்ணில் பட்டது. மனுவைப் படிக்காதவர்கள் பாட்டைப் படிப்பார்கள். படித்தால் வெட்கப்படுவார்கள். வெட்கப்பட்டால் திறப்பார்கள். அவள் பாட்டை மூன்றாம் இணைப்பில் எழுதி, இரண்டு நகல் எடுத்து, அன்றைக்கே அனுப்பிவிட்டாள். படித்த பெண் செய்கிற முட்டாள்தனம் இது. படிக்காதவளுக்கு இந்த நம்பிக்கை வராது.

பதினோராம் நாள் பதில் வந்தது. பாடல் மேல் ஆய்வுக்குத் தேர்வாகியிருக்கிறது, நிபுணர் குழு நேரில் வருகிறது. டீச்சர் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். தந்தியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்டாள், "எப்ப தெறப்பாங்க?" சீக்கிரம் என்றாள் டீச்சர்.

குழுவில் நாலு பேர். மூன்று ஆண்கள், ஒரு அம்மையார். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பூட்டைப் பற்றி விவாதித்தார்கள். டீச்சரும் தந்தியும் சுவரோரமாக நின்றார்கள். பூட்டு என்பது மொழியின் போதாமை என்றார் ஒருவர். இல்லை, அது நவீன மனிதனின் தனிமை என்றார் இன்னொருவர். ஆறு அறைகள் என்பதை ஆறு அறிவு என்றும் வாசிக்கலாம் என்று மூன்றாமவர் சொன்னபோது மற்ற இருவரும் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். கடைசியில், எதற்கும் கவிஞரையே கேட்டுவிடலாம் என்று தந்தியின் பக்கம் திரும்பினார்கள்.

"பாத்ரூம் பூட்டு சார்," என்றாள் தந்தி.

குழுத் தலைவர் அவளைக் கனிவோடு பார்த்தார். "இதுதான் அழகு. எழுதுறவங்களுக்குத் தாங்க எழுதுறதோட ஆழம் தெரியாது. தெரியாம இருக்கிற வரைக்கும்தான் எழுத முடியும். இந்தக் குழந்தைக்கு யாரும் விளக்கிடாதீங்க."

டீச்சர் வாயைத் திறந்தாள். சார், அது நிஜமான பூட்டு, கிழக்குப் பக்கம் இருக்கிறது, பத்து எட்டு எடுத்து வைத்தால் பார்க்கலாம் என்று சொன்னாள். நிஜத்தில் வேர் உள்ள படிமம் என்று தலைவர் எழுதிக்கொண்டார்.

அப்போது அம்மையார் எழுந்து தலைமையாசிரியர் காதில் என்னவோ கேட்டார். காரில் மூன்று மணி நேரம் வந்தவர். தலைமையாசிரியர் உடனே எழுந்து, இடுப்பு வளையத்தைக் கழற்றிக்கொண்டு, தாமே முன்னால் நடந்தார். ஜன்னல் வழியாக எல்லோருக்கும் தெரிந்தது: பூட்டு திறந்தது, அம்மையார் உள்ளே போனார், தலைமையாசிரியர் மரியாதையாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அம்மையார் வெளியே வந்தார், பூட்டு மறுபடி விழுந்தது. ஒன்பதாம் வகுப்பு பி ஜன்னலிலும் நாற்பத்தோரு தலை தெரிந்தது. அம்மையார் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். பிறகு குழுவைப் பார்த்துச் சொன்னார்: "நான் நேர்லயே பாத்துட்டேன். அந்தப் பூட்டுல ஒரு மௌனம் இருக்கு. பெண்ணோட மௌனம். நான் எழுதிக் குடுக்குறேன்."

பாட்டு துணைப்பாட நூலில் சேர்ந்தது. சேர்வதற்கு முன் சிறு திருத்தங்கள் செய்தார்கள். ஆஸ்பத்திரி ஃபைல் வருகிற வரி பாடலின் பொதுத்தன்மையைக் குலைக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். சாவி யாரிடம் என்ற கேள்விக்கு, சாரிடம் என்பது ஒரு தனிநபரைச் சுட்டுவதால், காலத்திடம் என்று மாற்றினார்கள். அடிக்குறிப்புகள் ஒன்பது பக்கம் வந்தன. எந்தச் சொல்லில் பெருமூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் முஷ்டியை மடக்க வேண்டும் என்று ஆசிரியர் கையேட்டில் போட்டிருந்தார்கள். பாடம் நடத்திய ஒவ்வொரு நாளும் எத்தனை மாணவிகளுக்குக் கோபம் வந்தது, எத்தனை நிமிஷம் நீடித்தது என்று பதிவேடு எழுதச் சொன்னார்கள். பார்வையிட வந்த ஆய்வாளர், பி பிரிவில் மூன்றாவது வரியில் வர வேண்டிய கோபம் இரண்டாவது வரியிலேயே வந்துவிட்டது என்று டீச்சருக்கு எழுத்து மூலமாகக் குறை சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியரும் கல் நெஞ்சக்காரர் இல்லை. தந்தி மறுபடி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டீச்சர் அவர் அறைக்குப் போய் உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். கேடயம் பெரிசா, பிள்ளை பெரிசா என்று கேட்டாள். அவர் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டை ரொம்ப நேரம் உருட்டினார். தமக்கும் கல்யாணம் ஆகாத இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்றார். திறந்துவிடத்தான் நினைக்கிறேன், ஒரு வார்த்தை மேலே கேட்டுக்கொள்கிறேன் என்று அவள் கண் முன்னாலேயே கடிதம் எழுதினார். டீச்சர் அந்தக் கடிதத்தை வாங்கித் தானே தபாலில் சேர்த்தாள்.

பதில் நாலே நாளில் வந்தது. தங்கள் பள்ளியில் உள்ள பூட்டு தற்போது துணைப்பாட நூல் பக்கம் முப்பத்தேழில் இடம்பெற்றுள்ளது. அதை அகற்றினால் பாடம் நடைமுறைக்கு முரணாகி, மாணவரிடையே குழப்பம் விளையும். அடுத்த பாடத்திட்ட மாற்றம் ஐந்து ஆண்டுகள் கழித்து. அதுவரை பூட்டை அதே நிலையில் பராமரிக்கவும்.

தலைமையாசிரியர் கடிதத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "நான் என்னம்மா பண்றது? முந்தி அது என் பூட்டு. நான் நெனச்சிருந்தா தெறந்திருக்கலாம். இப்ப அது பாடத்துல இருக்குற பூட்டு."

அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. கையில் சாவியை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி இவ்வளவு உண்மையாக வருத்தப்பட முடியும் என்று வீட்டுக்குப் போகிற பஸ் முழுக்க யோசித்தாள்.

பராமரிப்பு தொடங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டோர்காரர் பூட்டுக்கு எண்ணெய் போட்டார். சுற்றிலும் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை வைத்தார்கள். மற்ற பள்ளிகளிலிருந்து களப்பயணமாகப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பாடலை முதலில் வெளிக்கொணர்ந்தவள் என்ற முறையில் விளக்கம் சொல்கிற வேலையும் டீச்சர் தலையில் விழுந்தது. வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று பூட்டை நோட்டில் வரைந்தார்கள், நீளம் அகலம் குறித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் யாராவது ஒரு பெண் பின்னால் தங்கி, மிஸ், இங்க பாத்ரூம் எங்க இருக்கு என்று காதோடு கேட்பாள். டீச்சர் கை பூட்டின் பக்கம் நீளும், பாதியில் நிற்கும்.

அரைப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பாராட்டு விழா வைத்தார்கள். இயக்குநரே வந்தார். பள்ளி மைதானத்தில் பந்தல், ஐந்நூறு நாற்காலி. தந்தியின் அம்மா முன்வரிசையில், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தாள். தந்திக்கு டீச்சருடைய தொப்பி பனியனைப் போட்டுவிட்டிருந்தார்கள். இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார்.

"என் ஆபீசுக்கு ஒரு நாளைக்கு முப்பது புகார் வருது. மனசாட்சியத் தொட்டுச் சொல்றேன், நான் ஒண்ணையும் படிச்சதில்ல. ஆனா இந்தப் பாட்ட பதினாலு தடவ படிச்சேன். அழுதேன். எங்க வீட்டம்மாவக் கூப்பிட்டு வாசிச்சுக் காமிச்சேன், அவங்களும் அழுதாங்க. அப்புறம் நான் யோசிச்சேன். அந்தப் பூட்டு தெறந்து இருந்திருந்தா நமக்கு இந்தப் பாட்டு கெடச்சிருக்குமா? வசதி இருந்தா கவித வருமா? அதனால இந்த மேடையில ஒரு அறிவிப்பு. வர்ற வருஷத்துல இருந்து ஒவ்வொரு பள்ளியிலயும் குறைஞ்சது ஒரு வசதியப் பூட்டி வைக்கிறோம். லைப்ரரியா இருக்கலாம், லேபா இருக்கலாம், அது அந்தந்தத் தலைமையாசிரியர் விருப்பம். பிள்ளைங்க எழுதட்டும்."

ஐந்நூறு பேரும் கை தட்டினார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அவை ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தன என்பதால் திட்டத்துக்குச் செலவு ஒன்றுமில்லை என்று பக்கத்தில் இருந்த அதிகாரி அவர் காதில் சொன்னார்.

பிறகு தந்தியைப் பாடச் சொன்னார்கள். மைக் முன்னால் வந்து நின்றாள். புத்தகத்தில் உள்ள திருத்திய பாட்டைத்தான் பாட வேண்டும் என்று மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள். முழு பாட்டிலையும் நின்ற நிலையில் குடித்தாள். மைக்கில் அவள் விழுங்குகிற சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. காலி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க சார்."

தலைமையாசிரியர் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனதை டீச்சர் பார்த்தாள்.

இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார். உடனே எல்லோரும் எழுந்தார்கள்.

"சாவி குடுங்க சார்," என்றாள் தந்தி மறுபடி. இந்த முறை கைதட்டல் தாளத்தோடு விழுந்தது. மூன்றாவது முறை அவள் கேட்கும்போது நிபுணர் குழு அம்மையார் முஷ்டியை மடக்கி, கையேட்டில் உள்ள நாலாவது படத்தைப் போலத் தலைகீழாக ஆட்டினார். சாவி, சாவி என்று ஐந்நூறு பேரும் சேர்ந்து பாடினார்கள். இயக்குநர் பாடினார். தலைமையாசிரியரும் இடுப்பிலிருந்து கையை எடுத்துத் தட்டிக்கொண்டே பாடினார். நடுவில் நீட்டிய கையோடு ஒரு பெண் நின்றாள். பாடாதவர்கள் பந்தலில் மூன்றே பேர்: அவள், அவள் அம்மா, டீச்சர்.

டீச்சர் மேடையில் ஏறினாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. ஏறியதும் மேடையில் இருந்தவர்கள் விலகி அவளுக்கு இடம் விட்டு, அவளும் பாடப்போகிறாள் என்று நினைத்து இன்னொரு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவள், இது பாட்டு இல்லை, இந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே போக வேண்டும் என்றாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

தந்தி கையை இறக்கிக்கொண்டாள். படியில் இறங்கி, அம்மாவின் பக்கம் போனாள். இருவரும் பந்தலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, வேகமாக வீட்டுப் பக்கம் நடந்தார்கள். கடைசியில் ஓடினார்கள். மேடையை விட்டு வெளியேறுகிற அந்த உத்தி வெகுவாகப் பேசப்பட்டது.

மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மா மட்டும் வந்தாள். பள்ளியை விட்டு விலகக் காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். தண்ணி குடிக்கணும் சார், அதான் காரணம் என்றாள் அம்மா. காரணப் பட்டியலில் அதற்கு எண் இல்லை என்று சொல்லி, குடும்பச் சூழ்நிலை என்று எழுதி முத்திரை குத்தினார். டீச்சர் கேட் வரை கூடவே போனாள். இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாமே, நான் இன்னொரு மனு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனாள். அம்மா நின்றாள். திட்டுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க நல்லவங்கதான் டீச்சர்," என்றாள் அம்மா. "நல்லா எழுதுறீங்க. எம் பொண்ணையும் எழுத வச்சீங்க." அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அரைப் பரீட்சை நடந்தது. ஆங்கிலத் தாளில் இருபத்திரண்டாவது கேள்வி: கவிஞர் தண்ணீர் குடிக்காததன் காரணம் என்ன? ஐந்து மதிப்பெண். கூடவே வந்த விடைக்குறிப்பில், உலக இன்பங்களின் மீதான பற்றின்மை என்று போட்டிருந்தது.

ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் நாற்பத்தோரு விடைத்தாளும் டீச்சர் மேஜையில் இருந்தன. ஆசிரியர் அறையில் அவள் மட்டும்தான். முதல் தாளைப் புரட்டினாள்: உலக இன்பங்களின் மீதான பற்றின்மை. ஐந்து போட்டாள். இரண்டாவது தாள், மூன்றாவது தாள், ஓடிப்போய்க் கதவைச் சாத்தியவளுடைய தாள், எல்லாம் ஒரே பதில். எழுத்துப் பிழைகூட இல்லை. அவ்வளவு நன்றாக நடத்தியிருந்தாள். ஒப்பந்தப் புதுப்பிப்புப் படிவம் தலைமையாசிரியர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பி பிரிவுத் தேர்ச்சி விகிதத்தை அதில் எழுத வேண்டும். சிவப்புப் பேனா ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டே போனது.

கடைசித் தாள் தந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுடையது. இருபத்திரண்டாவது கேள்விக்குக் கீழே முதலில், ஏனென்றால் பாத்ரூம் பூட்டியிருந்தது என்று எழுதியிருந்தாள். எழுதியதை ஸ்கேல் வைத்து நேராக ஒரே கோட்டில் அடித்திருந்தாள். அதற்கு அடியில் அழகான கையெழுத்தில் சரியான விடை இருந்தது.

அடித்தல் திருத்தலுக்கு அரை மதிப்பெண் குறைக்க வேண்டும் என்பது விதி.

டீச்சர் ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாலரை போட்டாள்.